தம்பி விட்டுப்போன கியர் வண்டி

கேள்வி: ஊரப்பாக்கத்தில் வீடு; மறைமலைநகரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஒரு வழிக்குப் பதினொரு கிலோமீட்டர். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன தம்பி அவனுடைய எம்டிபி (மவுண்டன் பைக்) சைக்கிளை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். 26 இன்ச் சக்கரம், 21 கியர், முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். மூன்று வாரமாக அதில்தான் போகிறேன். ஒரு மணி நேரம் ஆகிறது. ரோடே பிடித்து இழுப்பது போல் இருக்கிறது, முட்டி வலிக்கிறது. அழுத்தி மிதித்தால் செயின் ‘டக்’கென்று நழுவுகிறது. ஒரு தடவை துப்பட்டா மாட்டிக்கொண்டது. லாக் வைத்த புது ஷாக், 27 கியர், ஆயில் பிரேக் மூன்றையும் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்கார அண்ணன். என்னிடம் ஆறாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. எதை முதலில் மாற்றட்டும்?

— வாசகி, ஊரப்பாக்கம்

பதில்: அண்ணன் சொன்ன மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன்; மலையேறுகிறவருக்கு அவர் பேச்சு பொருந்தும். உங்கள் பக்கத்தில் குன்று என்று இருப்பது வண்டலூரில், அதுவும் நீங்கள் போகும் திசைக்கு எதிரே. கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் என்று போகும் உங்கள் வழி முழுக்கத் தார் ரோடு.

முட்டி வலிக்குக் காசே வேண்டாம். தம்பியின் உயரத்துக்கோ, கால் தரையில் எட்ட வேண்டும் என்ற பயத்துக்கோ வைத்த சீட் அப்படியே இருக்கும். சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்குங்கள். கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் கணக்கு. சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதற்கு மேல் மட்டும் இழுக்காதீர்கள். இந்த உயரத்தில் உட்கார்ந்தபடி கால் முழுதாக ஊன்றாது. சிக்னலில் சீட்டைவிட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழக வேண்டும், இரண்டு நாளில் வந்துவிடும்.

அடுத்தது டயர். ரோடு பிடித்து இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, இழுப்பது பட்டன் டயர். சேற்றைக் கவ்வுவதற்கென்று வைத்த ரப்பர் பட்டன்கள் தாரில் ஒவ்வொன்றாக நசுங்கி நிமிர்கின்றன. அந்த வேலைக்குக் கூலி கொடுப்பது உங்கள் கால். வண்டி ‘உர்ர்’ரென்று இரைவதும் அதனால்தான். வழுவழுப்பான 26×1.75 டயர் ஒரு ஜோடி போடுங்கள். இந்தியத் தயாரிப்பே போதும். காற்றை டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் நன்றாக அடித்து, வாரம் ஒரு முறை பாருங்கள். கை வைத்து அமுக்கிப் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது. மீட்டர் வைத்த கைப்பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுகிறார்கள். சைக்கிள் கடையில் ‘26 டயர்’ என்று மட்டும் கேட்டால் பழைய லேடீஸ் சைக்கிளுக்கான 26×1⅜ டயரை எடுத்து நீட்டக்கூடும். அது உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர்; உங்கள் எம்டிபி ரிம் 559. இரண்டுக்கும் பெயர் 26தான், ஒன்று மற்றதில் உட்காரவே உட்காராது. டயரில் 47-559 என்பது போல் ஓர் எண் இருக்கும். கடைசி மூன்று இலக்கம் 559 என்று இருந்தால் வாங்குங்கள்.

நீங்கள் போகும் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பித் துண்டுகள் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, டியூப்புக்குத் தெரியும். டயருக்கும் டியூப்புக்கும் நடுவே போடும் பங்க்சர் பட்டையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பங்க்சர் ஒட்டிய பிறகு டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். அந்தக் கம்பி அங்கேயே குத்திக்கொண்டு நிற்கும், மறுநாள் திரும்பவும் இறங்கும்.

இனி நழுவும் செயின். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று எடுங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து 12 இன்ச் அளந்து பாருங்கள். புதுச் செயினில் 12-இல் சரியாக இன்னொரு பின் வந்து நிற்கும். 1/16 இன்ச் தள்ளியிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம். 1/8 தள்ளியிருந்தால் ஃப்ரீவீல் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அப்போது புதுச் செயினை மட்டும் போட்டால் இன்னும் மோசமாக நழுவும். அழுத்தினால் நழுவுகிறது என்பதால் உங்களுடையது இரண்டாவது ரகம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அளந்துவிட்டுச் செலவு செய்யுங்கள், சில நேரம் கியர் கேபிள் தளர்ந்தாலும் இதே கூத்துதான். ஏழு பல்சக்கரம் கொண்ட மரை ஃப்ரீவீலும் ஏழு ஸ்பீடு செயினும் கியர் சாமான்களிலேயே விலை குறைந்தவை.

27 கியர் என்பது வேறு கதை. பின்னால் ஒன்பது பல்சக்கரம் வர வேண்டுமானால் ஷிஃப்டர், கியர் மாற்றும் டீரெய்லர், செயின் மாற வேண்டும், மரை வைத்த பழைய ஹப்பும் மாற வேண்டும். ஹப் மாறினால் ரிம் கோத்துக் கோட்டம் எடுக்க வேண்டும். வண்டியின் பாதி விலை அங்கேயே போய்விடும். போய் என்ன கிடைக்கும்? முன்னால் 42 பல், பின்னால் 14 பல் என்று வையுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் மூன்று சுற்று, ஏறக்குறைய 6 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே மணிக்கு 22 கிலோமீட்டர் வந்துவிடும். 16 கிலோமீட்டர் வேகம் பிடித்தாலே நாற்பது நிமிடத்தில் கம்பெனி வாசலில் நிற்பீர்கள்.

டிஸ்க் பிரேக்குக்குப் புதுக் கட்டையும் புதுக் கேபிளும் போதும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஸ்பிரே அடிக்காதீர்கள். டிஸ்க்கில் ஒரு துளி தெறித்தாலும் கட்டை வீண், பிரேக் பிடிக்காமல் கீச்சிடும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, பிறகு துணியால் துடைத்தல், அவ்வளவே. தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். ஷாக்கின் மேல் திருகு இருந்தால் இறுக்கிவிடுங்கள், ஆட்டம் குறையும். ஷாக் அப்படியே கிடக்கட்டும்.

மீதிப் பணத்துக்கு நான் சொல்லப்போகும் பட்டியலைப் படித்தால் உங்கள் தாத்தா சிரிப்பார். மட்கார்டு, கேரியர், லைட், பின்னால் சிவப்பு விளக்கு, மணி. 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டிஐ நிறுவனத்தின் ஹெர்குலிஸ் மாதிரியான பழைய கறுப்பு வண்டிகளில் மட்கார்டும் வழுவழு டயரும் கூடவே வந்தன. கேரியரும் டைனமோ லைட்டும் மாட்டாத வண்டியைத் தேட வேண்டும். வேலைக்குப் போகிறவனின் வண்டி அது. எம்டிபி அதையெல்லாம் உதறிவிட்டு விளையாட்டுக்குக் கிளம்பிய பிள்ளை, அதைத் திரும்ப வேலைக்கு அனுப்புகிறோம். இதில் லைட்டை மட்டும் டயருக்கும் முன்னால் வாங்குங்கள். மாலை ஷிஃப்ட் முடிந்து இருட்டில் திரும்பும்போது பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும். சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதிலேயே போங்கள். ஹெல்மெட் வேண்டுமா என்று கேட்காதீர்கள், போட்டே ஆக வேண்டும்.

துப்பட்டா விஷயத்துக்கு வருகிறேன். முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள வண்டிக்கு முழு செயின் கவர் பொருந்தாது. பெரிய பல்சக்கரத்தின் வெளிப்பக்கம் வட்டமான பிளாஸ்டிக் தட்டு கிடைக்கும், பேன்ட் கால் அதில் தப்பும். துப்பட்டா பின் சக்கரத்திலும் மாட்டும் என்பதால் அது பையில் இருப்பதே நல்லது. நடுக்கம்பி உயரமாக இருக்கிறது என்று யாராவது குறை சொன்னால் புதுக்கோட்டையைச் சொல்லுங்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது, லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் வண்டியிலேயே, புடவையோடு ஓட்டினார்கள்.

ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள். அடையாறு புறப்படும் ஆதனூர் ஏரிப் பக்கத்து ஊர் உங்களுடையது, தெருவில் தண்ணீர் நிற்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சக்கரத்தின் நடு அச்சு முழுகும் அளவு தண்ணீரில் இறங்கினால் ஹப்புக்குள் சேறு போய் கிரீஸைக் கரைத்துவிடும். அந்த வாரமே கடையில் விட்டு ஓவராயில் பண்ணச் சொல்லுங்கள். பால்ரஸ் மாற்றிப் புதுக் கிரீஸ் வைக்க ஆகும் செலவு ஹப் விலையில் சிறு பங்குதான். தள்ளிப்போட்டால் அச்சே தேய்ந்துவிடும்.

கழற்றிய பட்டன் டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். சுருட்டிப் பரணில் போடுங்கள், பொங்கலுக்கு வரும் தம்பி கேட்பான்.