பாசிப் பெண்கள் போட்ட கட்டுப்பாடு

கேள்வி: கடலும் கெடாமல், பிழைப்பும் போகாமல் இருக்க ஊர்மக்களால் என்ன செய்ய முடியும்? எல்லாம் அரசாங்கத்தின் கையில்தானே? (வாசகர், பெரியபட்டினம்)

பதில்: இல்லை. உங்கள் கடற்கரையிலேயே சான்று இருக்கிறது.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயின. அதுவரை அங்கே தடையின்றிக் கடற்பாசி எடுத்த பெண்களுக்கும் வனத்துறைக்கும் தகராறு மூண்டது. விரல்களில் துணி சுற்றி, பாதத்தில் தகடு கட்டி, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் பெண்கள் அவர்கள். அரசிடம் மனுக் கொடுப்பதோடு நிற்காமல், தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது; பவளப்பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி கூடாது; மீன் இனப்பெருக்கக் காலத்தில் வேலை நிறுத்தம். வருமானத்தை விட்டுக்கொடுத்துப் போட்ட விதி என்பதுதான் இதன் கனம். எந்த அதிகாரி உத்தரவிட்டாலும் இந்த அளவு நடந்திருக்குமா என்பது சந்தேகமே!

இவர்களை வழிநடத்திய பாம்பன் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு வழங்கும் விருது கிடைத்தது.

அவர்களைப் போல நீங்களும் தொடங்க, உங்களுக்குக் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாமல், கடற்கரைக் குப்பை பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்.