வெங்காய வேரில் ஒரு நச்சுச் சோதனை

தாவரவியல் பயிலும் நம் சமூகத்து மாணவி ஒருத்தி அண்மையில் நம்மிடம் ஒரு வினா எழுப்பினாள். ஊறுகாய், பழரசம் முதலியன கெடாதிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டின் நச்சுத்தன்மையை வெங்காய வேரில் சோதிக்குமாறு கல்லூரியில் பணித்துள்ளனராம். கந்தமூலம் என நம் இல்லங்கள் விலக்கிய பொருளைக் கையாளுதல் தகுமா என்கிறாள். விடை கூறுமுன் சோதனையின் இயல்பை அறிதல் நலம்.

1938ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆல்பர்ட் லெவான், கொல்கிசின் என்னும் பொருள் வெங்காய வேரின் உயிரணுக்களில் விளைக்கும் மாற்றங்களை ஆராய்ந்து வெளியிட்டார். (நம் செங்காந்தட் கிழங்கிலும் இக்கொல்கிசின் உண்டு.) வெங்காய உயிரணுவில் உள்ள குரோமோசோம்கள் 16 மட்டுமே; அவை பெரியன ஆதலின் கல்லூரி நுண்ணோக்கியிலேயே தெளிவாகப் புலப்படும்.

வெங்காயத்தின் அடிப்புறம் நீரில் தோயுமாறு வைத்தால் இரண்டொரு நாளில் வேர் இறங்கும். ஒரு சிலவற்றை வெறும் நீரிலும், ஏனையவற்றைப் பல அளவுகளில் பென்சோயேட்டு கலந்த நீரிலும் வளர்ப்பர். வேரின் நீளம் குறைவதே முதல் எச்சரிக்கை. பின்னர் நுனியை நறுக்கி, அசெட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசலில் இட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மென்மையாக்கிச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிக் காண்பர். 1000 உயிரணுக்களில் 80 பகுபட்டுக் கொண்டிருப்பின் பகுப்பு விகிதம் 8 விழுக்காடு. வெறும் நீரில் வளர்ந்த வேரினும் அது குறைந்தாலும், குரோமோசோம்கள் முறிந்தோ, பாலம்போல் இழுபட்டோ, பின்தங்கியோ காணப்பட்டாலும் அப்பொருள் உயிரணுவைத் தாக்குகிறது எனக் கொள்வர். பென்சோயேட்டு பகுப்பைக் குறைப்பதாகவே ஆய்வுகள் சில தெரிவித்துள்ளன.

எனினும் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. வேர் அக்கரைசலிலேயே ஊறிக் கிடக்கிறது. மனித உடலிலோ கல்லீரல் பென்சோயேட்டை மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது. உலக உணவு வேளாண் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்த வல்லுநர் குழு, 2021இல் நாளொன்றுக்கு உடல் எடை கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என வரையறுத்தது. புட்டியில் 211 என்னும் எண் காணின் அது இப்பொருளே.

இனி அறத்தின் வினா. இதே சோதனையை எலியில் செய்வோர் அதனைக் கொன்று தொடையெலும்பின் மச்சையை எடுப்பர். ஐயறிவுயிரைக் கொல்லுதலினும் ஓரறிவுயிரில் ஆராய்தல் தீங்கு குறைந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. விலங்குச் சோதனையை வேர்ச் சோதனை முற்றிலும் அகற்றிவிடவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் வெங்காயம் அனந்தகாயம். அம்மாணவியின் கூச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம்.

வட நாட்டார் பாக்லா என வழங்கும் அவரையின் வேரிலும் இச்சோதனை நிகழ்கிறது. அதன் குரோமோசோம்கள் 12, அவையும் பெரியன. முளைவிடும் பருவத்தில் எவ்விதையும் அனந்தகாயமே என நூல் வல்லார் வாதிடக்கூடும். அதனை மறுக்க நாம் துணியோம். ஆசிரியரிடம் பாக்லா விதை கேட்டுப் பார்க்குமாறு எழுதியுள்ளோம். அவள் மறுமொழி இன்னும் வரவில்லை.