25 மணிக்கு வரும் பேருந்து

நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: போக்குவரத்துத் திட்டமிடலுக்கு வர சிவில் படித்திருக்க வேண்டுமா? சென்னையில் நிரலையும் போக்குவரத்துத் திட்டமிடலையும் சேர்த்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கிண்டி பொறியியல் கல்லூரியிலோ ஐஐடி மெட்ராஸிலோ திருச்சி என்ஐடியிலோ போக்குவரத்துப் பொறியியல் மேற்படிப்பு படித்தால் நல்லது. படிக்காதவருக்கும் வழி உண்டு. ஆனால் பேருந்தில் போகாதவர் இந்த வேலைக்கு வர வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பேருந்துத் தரவு பெரும்பாலும் ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவில் கைக்கு வரும். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது அது. திறந்து பார்த்தால் சில உரைக் கோப்புகள்தான். நிறுத்தங்கள் ஒன்றில், வழித்தடங்கள் ஒன்றில், நடைகள் ஒன்றில், எந்த நடை எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்பது மற்றொன்றில். எஸ்க்யூஎல் தெரிந்தவருக்கு ஒரு பிற்பகல் போதும். அதில் 25:10:00 என்று ஒரு நேரம் இருக்கும். புதியவர்கள் பிழை என்று எண்ணி அந்த வரியை நீக்கிவிடுவார்கள். நள்ளிரவு தாண்டி 1.10-க்கு வரும் பேருந்து அது. முந்தைய நாள் அட்டவணையைச் சேர்ந்தது. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அந்த நாள் இன்னும் முடியவில்லை. வரியை நீக்கினால், இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறவரின் வண்டி நம் கணக்கிலேயே இல்லாமல் போகும்.

தமிழ்நாட்டில் வேலை செய்பவர்கள் 78 பாகை தீர்க்கரேகையையும் நினைவில் வைக்க வேண்டும். தொலைவு அளக்கப் பயன்படும் யுடிஎம் மண்டலங்கள் 43-ம் 44-ம் அங்கேதான் பிரிகின்றன. கோவையும் ஈரோடும் ஒரு பக்கம், சேலமும் மதுரையும் சென்னையும் மறுபக்கம். மண்டலம் பார்க்காமல் இரண்டு ஊர்த் தரவையும் ஒட்டினால் தூரமெல்லாம் கந்தலாகிவிடும்.

இதெல்லாம் கருவி. விஷயம் காத்திருப்பில் இருக்கிறது.

மணிக்கு 6 பேருந்து என்றால் இடைவெளி 10 நிமிடம், சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம் என்று அட்டவணை சொல்லும். சாலையில் நடப்பது வேறு. கொஞ்சம் தாமதமான வண்டிக்காக ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடுதல் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்றி ஏற்றி அது இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் வண்டிக்கு ஆளே இராது, விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். விளைவு: ஒரு இடைவெளி 2 நிமிடம், அடுத்தது 18. சராசரி அப்போதும் 10 தான், அறிக்கையில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் நிறுத்தத்துக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் வந்து மாட்டுகிறார்கள். பயணியின் சராசரிக் காத்திருப்பு 8.2 நிமிடம். ஒரு வண்டிகூடக் குறையவில்லை, காத்திருப்பு மட்டும் அறுபது சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. அதனால்தான் என்னோடு வேலை செய்பவர்களிடம், சராசரியை வண்டிக்கு எடுக்காதீர்கள், ஆளுக்கு எடுங்கள் என்று ஓயாமல் சொல்கிறேன். நிரலில் அது ஒரு வரி மாற்றம். வெயிலில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண் அந்த வரியால்தான் கணக்குக்குள் வருகிறாள்.

மென்பொருள் துறையிலிருந்து வருகிறவர்களுக்கு இயந்திரக் கற்றல் மேல் மோகம் அதிகம். நடந்ததிலிருந்து கற்பதில் அது கெட்டிதான். எங்களிடம் கேட்கப்படுவதோ இன்னும் கட்டாத ரயிலில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பது. அதற்குப் பொருளாதார அறிஞர் டேனியல் மெக்ஃபேடனைப் படியுங்கள். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பார்ட் ரயில் 1972-இல் ஓடத் தொடங்குமுன், மக்கள் நேரத்தையும் செலவையும் எப்படி எடைபோட்டு வாகனத்தைத் தேர்கிறார்கள் என்று அவர் குழு ஆராய்ந்தது. பார்ட்டுக்கு 15 சதவீதப் பயணங்கள் வரும் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. அவர்கள் சொன்னது 6.3, நடந்தது 6.2. மக்களின் இத்தகைய தேர்வை விளக்கும் மாதிரிகளுக்காக 2000-இல் அவர் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டார். இன்றும் மெட்ரோ அறிக்கைகளுக்குள் இருப்பது அந்த மாதிரிகளின் வாரிசுகள்தான்.

சாலை நெரிசலை உருவகப்படுத்த, ஜெர்மன் விண்வெளி மையத்தின் சுமோ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நிறுவியதும் அதன் வண்டிகள் தடம் தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நம் ஊரில் சிக்னலில் கார்களுக்கு நடுவே புகுந்து முன்னால் போய் நிற்கும் பைக்குகளுக்கு அதில் உள்ள, ஒரு தடத்தையே குறுக்கே பிரித்துக்கொள்ளும் சப்லேன் வசதியை இயக்கியாக வேண்டும்.

பிறகு, பணிமனைக்குப் போங்கள். ‘கட் சர்வீஸ்’ வண்டி பாதி வழியில் எங்கே திரும்புகிறது, எந்த நடை தாளில் மட்டும் ஓடுகிறது, ஒரே நிறுத்தம் ஏன் மூன்று பெயர்களில் இருக்கிறது என்பதெல்லாம் டைம் கீப்பருக்குத் தெரியும். எந்தத் தரவுத்தளத்திலும் கிடைக்காது. மரியாதையாகக் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்.

வேலை மெட்ரோ நிறுவனங்களிலும் சென்னைப் பெருநகரப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் கும்டா போன்ற அமைப்புகளிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் இருக்கிறது. மென்பொருள் நிறுவனச் சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள். பயிற்சிக்குத் தரவு வேண்டுமென்றால் கொச்சி மெட்ரோவும் டெல்லியும் 2018-இலேயே பொதுவில் வைத்துவிட்டன. அதைவிட நல்லது, உங்கள் வீட்டருகே உள்ள நிறுத்தத்தில் ஒரு வேலைநாள் காலை நின்று, ஒரே தடத்தின் வண்டிகள் வரும் நேரத்தைக் குறித்து, வண்டிக் கணக்கில் ஒரு சராசரியும் ஆள் கணக்கில் ஒன்றும் போட்டுப் பாருங்கள். நேர்முகத்துக்கு வருகிறவர் அந்த ஒரு பக்கத்தோடு வந்தால், சான்றிதழ்களுக்கு முன் நான் அதைத்தான் வாங்கிப் படிப்பேன்.