பழைய கெப் சூடேறுகிறதா? ஹெட்டைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

எமது சிறு வியாபாரிகள் பலருக்குப் பழைய கெப் வாகனம்தான் கடையின் பாதி மூலதனம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருபது, முப்பது வயதான கெப்களும் ஓய்வின்றி உழைத்தன, இன்றும் உழைக்கின்றன. இவற்றின் உரிமையாளர்களை அதிகம் செலவுக்குள் தள்ளுவது எஞ்சின் சூடேறும் கோளாறாகும்.

நான் உதிரிப்பாகக் கடை நடத்துபவன். இருந்தும் சொல்கிறேன்: சூடேறியதும் சாமான் வாங்க ஓடி வராதீர்கள். எங்கே, எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்துடன் சூடேறுகிறது என்பதை முதலில் அவதானியுங்கள்.

மாவனெல்லையிலிருந்து கண்டிக்குப் பிளாஸ்டிக் சாமான் ஏற்றும் ஒரு சகோதரர் தேர்மோஸ்டட், வோட்டர் பம்ப் இரண்டையும் மாற்றிவிட்டு, "நானா, இனி ஹெட்டைக் கழற்றணுமாம், கஸ்கட் இருக்கா?" என்று வந்தார். கடுகண்ணாவ ஏற்றத்தில் மட்டுமே சூடேறுகிறது, குருநாகல் வீதியில் வேகமாக ஓடும்போது முள் நடுவைத் தாண்டுவதில்லை என்றார். பாதி விடை அதிலேயே இருந்தது. வேகமாக ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகும். பாரத்துடன் இரண்டாம் கியரில் ஊரும்போது காற்றை இழுத்துத் தர ஃபேன் மட்டுமே உண்டு. எஞ்சினை நிறுத்தி, அது சூடாக இருக்கும்போதே ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்தோம். எந்தத் தடையுமின்றிச் சுழன்றது. ஃபேன் கிளட்ச்சினுள் இருக்கும் சிலிக்கன் எண்ணெய் சூட்டில் ஃபேனை இறுகப் பிடிக்க வேண்டும். எண்ணெய் கசிந்தால் அந்தப் பிடி போய்விடும். கிளட்ச்சை மாற்றியதும் கெப் கடுகண்ணாவையில் அமைதியாக ஏறியது. ஹெட் கழற்றப்படவேயில்லை. லேத் செலவும் வாகனம் நிற்கும் நாட்களின் ஹயர் நட்டமும் அவருக்கு மிச்சம்.

மெதுவாகச் செல்கையில் சரியாக இருந்து, வேகமாக ஓடினால் சூடேறுகிறது என்றால் ரேடியேட்டரைச் சந்தேகிக்கலாம். புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் பிரதேசங்களின் கிணற்று நீரை வருடக்கணக்கில் ஊற்றினால் குழாய்களுக்குள் உப்புப் படியும். எஞ்சினை நிறுத்திய பின் ரேடியேட்டரின் முகப்பில் கவனமாகக் கையை வைத்துப் பாருங்கள். சூட்டுக்கு நடுவே குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அந்தக் குழாய்கள் அடைபட்டுள்ளன.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. பலவற்றில் 0.9 என்று பொறித்திருக்கும். அந்த அழுத்தம் காக்கப்பட்டால் தண்ணீர் சுமார் 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. றப்பர் செத்துவிட்டால் 100 பாகையிலேயே கொதிக்கும். நுவரெலியாவின் உயரத்தில் 94 பாகை போதும். மலையகத்துக்குச் சாமான் ஏற்றுவோர் முதலில் மாற்ற வேண்டிய மலிவான சாமான் இதுதான்.

தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "எமது நாட்டுக்கு இது தேவையில்லை" என்று சொல்லும் பாஸ்மார் இன்னும் உள்ளனர். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. பல டீசல் எஞ்சின்களில் சூடேறியதும் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தேர்மோஸ்டட்தான். அது இல்லாவிட்டால் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். சந்தேகமிருந்தால் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து அதனுள் போட்டுச் சூடாக்குங்கள். 82 என்று பொறித்தது ஏறக்குறைய அந்தப் பாகையில் திறக்க ஆரம்பித்தால் அது நல்லது.

ஹெட் கஸ்கட்டைச் சோதிக்கக் காலை நேரமே சிறந்தது. எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே குமிழிகள் விடாமல் வந்தால் எரிவாயு உள்ளே புகுகிறது. அப்போது ஹெட்டைக் கழற்றுவதில் நியாயமுண்டு. சூடான நிலையில் மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நல்ல ஹெட்டும் வெடிக்கக்கூடும்.

பழைய கெப் வாங்கப் போகிறவர்களும் இந்தச் சோதனையை மறக்க வேண்டாம். நீங்கள் போகும்போது விற்பவர் ஏற்கனவே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.