மரச்சாவி திறந்த இரும்புக் கதவுகள்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவர்)



1979ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி மாலை, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரச் சிறையிலிருந்து மூன்று அரசியல் கைதிகள் வெளியே வந்தார்கள். சுவர் ஏறவில்லை, சுரங்கம் தோண்டவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. பத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, நேராகத் தெருவுக்கு வந்து, டாக்சி பிடித்துப் போய்விட்டார்கள். அவர்கள் கையில் இருந்தவை மரத்தால் செய்த சாவிகள். அதுவும் சிறையின் பட்டறையிலேயே செய்தவை!

2020இல் இது ஆங்கிலப் படமாகவும் வந்தது. பார்த்தவர்கள் "செம த்ரில்லுடா" என்பார்கள். த்ரில் இருக்கட்டும். பாலிடெக்னிக்கில் படிக்கிற நமக்கு இதில் இரண்டு பாடம் இருக்கிறது. அந்தச் சாவி எப்படிப் பிறந்தது என்பது ஒன்று. அது ஓர் அரசாங்கத்தின் எந்த விரிசலைக் காட்டிக்கொடுத்தது என்பது இன்னொன்று. இரண்டையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

சொந்த நாட்டிலேயே காலனி

1652இல் டச்சுக் கம்பெனிக்காரர்கள் நன்னம்பிக்கை முனையில் வந்து இறங்கினார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். 1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது ஆட்சி லண்டனிலிருந்து அங்கேயே குடியேறிய வெள்ளையர் கைக்கு மாறியது. மண்ணின் மக்களான கறுப்பர்களுக்கு அதில் பங்கில்லை. 1913ஆம் ஆண்டு நிலச்சட்டம், பெரும்பான்மையாக இருந்த அவர்களுக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்தை ஒதுக்கியது. எஜமானும் அடிமையும் ஒரே நாட்டுக்குள் வாழ்கிற இந்த அமைப்பை அங்கிருந்த கம்யூனிஸ்ட் கட்சி 'தனி வகைக் காலனியம்' என்று 1962இல் வரையறுத்தது.

அந்நாட்டுச் சிறைகளோடு தமிழர்களுக்கும் பழைய உறவு உண்டு. 1913 சத்தியாகிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் தன் பதினாறாவது வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம்.

1948க்குப் பிறகு இனஒதுக்கல் முழுச் சட்டமாகிவிட்டது. பள்ளி வேறு, பஸ் வேறு, ஆஸ்பத்திரி வேறு, குடியிருக்கும் ஊரே வேறு. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி கறுப்பர்கள் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும். போலீஸ் கேட்கும்போது கையில் இல்லையென்றால் ஜெயில். பாஸ் சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் கூடிய மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தடை செய்யப்பட்டது.

என்னை அதிகம் உறுத்துவது 1953ஆம் ஆண்டு பாந்து கல்விச் சட்டம். அதைக் கொண்டுவந்த அமைச்சர் வெர்வூர்ட் வெளிப்படையாகவே பேசினார். குறிப்பிட்ட சில உடலுழைப்புகளுக்கு மேல் கறுப்பர்களுக்கு இடமில்லை, அப்படியிருக்க அதற்கு மேல் படிப்பு எதற்கு என்பது அவர் வாதம். எங்கள் தாத்தா கைநாட்டு. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். "படிச்சு என்ன கலெக்டராவா ஆகப்போறே?" என்று என்னிடமும் கேட்டவர்கள் உண்டு. இங்கே அது திண்ணைப் பேச்சு. அங்கே அதை நாடாளுமன்றத்தில் வைத்துச் சட்டமாகவே எழுதினார்கள். 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோவின் பள்ளி மாணவர்கள் தெருவுக்கு வந்ததும், குண்டடிபட்டுச் செத்ததும் இந்தக் கல்வியை எதிர்த்துத்தான்.

மூன்று பேர்

டிம் ஜென்கின், ஸ்டீபன் லீ இருவரும் கேப்டவுனைச் சேர்ந்த வெள்ளைக்கார இளைஞர்கள். நினைத்திருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்காக ரகசியமாகத் துண்டறிக்கை அச்சடித்துப் பரப்பினார்கள். தெருவோரம் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே நேரம் வைத்த விசை. குறித்த நேரத்தில் அது வெடித்து, கட்டுக்கட்டாக நோட்டீசுகள் கூட்டத்தின் மேல் பறக்கும். ஆளுக்குக் காயம் இல்லை, செய்தி மட்டும் போய்ச் சேரும். 1978இல் பிடிபட்டார்கள். ஜென்கினுக்கு 12 ஆண்டு, லீக்கு 8 ஆண்டு தண்டனை. மூன்றாமவர் அலெக்ஸ் மும்பாரிஸ். 1972இல் கைதாகி 12 ஆண்டு தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தவர்.

அங்கே சிறையிலும் நிறம் பார்த்தார்கள். கறுப்பின அரசியல் கைதிகள் ராபன் தீவில். வெள்ளையின அரசியல் கைதிகள் பிரிட்டோரியாவில். அதனால்தான் இவர்கள் பிரிட்டோரியா வந்தார்கள். அங்கே இவர்களுக்கு மூத்தவர் டெனிஸ் கோல்ட்பெர்க். படிப்பால் சிவில் என்ஜினியர். மண்டேலாவோடு 1964இல் ஆயுள் தண்டனை பெற்றவர்.

லிவரும் அரமும்

சிறைக் கதவுகளில் பொதுவாக இருப்பது லிவர் பூட்டு. உள்ளே தகடு தகடாக லிவர்கள் அடுக்கியிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு லிவரைத் தூக்கும். எல்லா லிவரும் அதனதன் சரியான உயரத்துக்கு வந்தால்தான் நடுவில் வழி கிடைத்து, தாழ் நகரும். ஒரு பல் கொஞ்சம் உயரம் என்றாலும் நகராது, கொஞ்சம் குட்டை என்றாலும் நகராது. ஆக, சாவியின் ரகசியம் அதன் உலோகத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. அளவு சரியாக இருந்தால் மரமும் போதும்.

ஜென்கின் பிடித்துக்கொண்ட உண்மை இதுதான். சிறைக்குள் கைதிகளுக்கு மரவேலைப் பட்டறை இருந்தது. அரம் இருந்தது, மரத்துண்டு இருந்தது, நேரமும் இருந்தது. வார்டர்கள் சாவிகளைக் கண்ணெதிரே தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். பூட்டின் துளையை அளந்தார். சாவியைக் கண்ணாலேயே அளந்தார். மரத்தில் செதுக்கி, போட்டுப் பார்த்து, எங்கே இடிக்கிறதோ அங்கே அரம் போட்டு, மறுபடி போட்டுப் பார்த்தார். நம்ம ஃபிட்டிங் ஷாப்பில் ஆண் பெண் துண்டுகளைப் பொருத்த ராவி ராவிப் பார்க்கிறோமே, அதே வேலைதான். ஒரே வித்தியாசம், இங்கே அளவு தப்பினால் மார்க் போகும். அங்கே சாவி ஒடிந்து துளைக்குள் சிக்கினால் எல்லாமே போகும்.

செல்லுக்கு இரண்டு கதவுகள். உள்ளே கம்பிக்கதவு, வெளியே இரும்புக் கதவு. வெளிக்கதவின் சாவித்துளை வெளிப்பக்கம் மட்டுமே. உள்ளே இருப்பவன் எப்படித் திறப்பது? துடைப்பக் கம்பில் கிராங்க் மாதிரி ஓர் அமைப்பைச் செய்தார். ஜன்னல் வழியாக அதை வெளியே நீட்டி, நுனியில் இருந்த சாவியைத் துளையில் நுழைத்து, உள்ளேயிருந்தே திருகினார். நாம் தேர்வுக்காகப் படம் போடுகிற கிராங்க், அங்கே ஒரு மனிதனை வெளியே கொண்டுவந்தது.

சுமார் ஒன்றரை ஆண்டு இந்த வேலை நடந்தது. ஒரு கதவுக்குச் சாவி தயாரானதும் அடுத்த கதவு. ராத்திரியில் வெளியே வந்து ஒத்திகை பார்த்துவிட்டு, மறுபடி செல்லுக்குள் போய்த் தானே பூட்டிக்கொண்டு படுத்தார் என்றால் அந்தப் பொறுமையை என்னவென்று சொல்வது!

டிசம்பர் 11 அன்று வேலைக்கு நாள் வந்தது. கோல்ட்பெர்க் காவலில் இருந்த வார்டரைத் தன் செல்லுக்கு வரவழைத்துப் பேச்சில் பிடித்துக்கொண்டார். அந்த இடைவெளியில் மூவரும் கதவுகளைக் கடந்தார்கள். ஒன்பது கதவுகள் சரி. பத்தாவது கதவுக்கு எந்தச் சாவியும் சேரவில்லை. கடைசியில் உளிவேலை செய்து, தாழ் பதிந்திருந்த சட்டத்தைச் செதுக்கித்தான் திறந்தார்கள். ஆள் இல்லை என்பது மறுநாள் காலையில்தான் சிறைக்குத் தெரிந்தது. அவர்கள் சுவாசிலாந்து வழியாக மொசாம்பிக் சேர்ந்துவிட்டார்கள். (ஹாஸ்டல் கேட்டில் யாரும் இதை முயற்சி செய்ய வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்!)

விரிசல் எங்கே?

மூன்று பேர் வெளியே போனதால் ஓர் அரசாங்கம் விழுந்துவிடாது. விழவும் இல்லை. ஆனால் அது எதை நம்பி நின்றுகொண்டிருந்தது என்பது வெளியே தெரிந்துவிட்டது.

முதலாவது, கைதியிடம் வேலை வாங்கப் பட்டறை வைத்தார்கள். வேலை வாங்க வேண்டுமென்றால் கருவியும் திறமையும் அவன் கையில் போயே ஆக வேண்டும். எந்த அடக்குமுறைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. உழைக்கிறவன் இல்லாமல் அதற்கு ஒரு நாளும் ஓடாது. உழைக்கத் தெரிந்தவன் யோசிக்கவும் தெரிந்தவன்.

இரண்டாவது, ஒழுங்குதான் சிறையின் பலம். தினமும் அதே மணிக்கு அதே கதவு, அதே ஆள், அதே நடை. அதையே குறித்துக்கொண்டவனுக்கு அது டைம்டேபிள் ஆகிவிடுகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கைதிகள் தாங்களே சாவி செய்தார்கள் என்பதை அதிகாரத்துக்கு நம்ப மனம் வரவில்லை. உள்ளாள் உதவியிருக்க வேண்டும் என்று, அன்று காவலில் இருந்த தன் சொந்த வார்டர் மீதே வழக்குப் போட்டது. நீதிமன்றத்தில் அவர் விடுதலையானார். யோசித்துப் பாருங்கள், தோழர்களே! தனக்குக் கீழே இருப்பவனுக்கு மூளை உண்டு என்று ஒப்புக்கொள்வதைவிட, தன் ஆளையே துரோகி என்று சொல்வது அந்த அரசுக்குச் சுலபமாக இருந்தது.

நாலாவதையும் மறைக்கக் கூடாது. இவர்கள் தெருவில் சாதாரணமாக நடந்து போனார்கள், டாக்சியில் ஏறினார்கள். யாரும் பாஸ் கேட்கவில்லை. ஏனென்றால் தோல் வெள்ளை. ஒரு கறுப்பின ஆள் அந்தப் பத்துக் கதவையும் திறந்திருந்தாலும், தெருமுனையில் பதினோராவது கதவாகப் போலீஸ் நின்றிருக்கும். கறுப்பருக்கு நாடே சிறை. எந்த நிறவெறியைக் காக்க அந்தச் சிறை கட்டப்பட்டதோ, அதே நிறவெறி அன்று மாலை கைதிகளுக்கு வேஷமாகப் பயன்பட்டது.

அதற்குப் பிறகு

ஜென்கின் லண்டன் சேர்ந்தார். 1980களின் கடைசியில் 'வூலா' என்ற ரகசியத் திட்டத்துக்காகக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினார். 'வூலா' என்றால் 'திற' என்று பொருள்! செய்தியைச் சங்கேதமாக்கி, அதை ஒலியாக மாற்றி, டேப்பில் பதிந்து, பொதுத் தொலைபேசியில் போட்டு லண்டனுக்கு அனுப்பும் முறை அது. எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும். சிறையிலிருந்த மண்டேலாவுக்கும் வெளிநாட்டிலிருந்த தலைவர் ஆலிவர் டாம்போவுக்கும் இடையே செய்தி போய்வர இந்த வழியும் உதவியது. மரத்தில் அளவு பார்த்த அதே கை எண்களிலும் பார்த்தது.

தப்பிக்கத் துணைநின்ற கோல்ட்பெர்க் உள்ளேயே இருந்தார். 1985இல்தான், 22 ஆண்டுகளுக்குப் பிறகு, வெளியே வந்தார். பாஸ் சட்டம் 1986இல் ஒழிந்தது. மண்டேலா 1990 பிப்ரவரி 11இல் விடுதலையானார். 1994 ஏப்ரல் 27இல் எல்லா மக்களும் முதல்முறையாக ஓட்டுப் போட்டார்கள். இவற்றைக் கொண்டுவந்தது மூன்று பேரின் சாவி மட்டும் என்றால் பொய். சோவெட்டோ மாணவர்களும், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களும், பெயர் தெரியாத லட்சக்கணக்கானவர்களும் கொண்டுவந்தது அது. சாவி செய்தவர்களும் அந்தக் கூட்டத்தில் மூவர். 2013இல் பிரிட்டோரியா மத்திய சிறைக்கு, 1883இல் அந்நகரில் தூக்கிலிடப்பட்ட அரசர் மாம்புருவின் பெயர் சூட்டப்பட்டது.

"டிப்ளமோதானே, கைவேலைதானே" என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கைவேலைக்கு மேல் இவர்களுக்கு எதற்கு என்று கேட்ட ஓர் அரசாங்கத்தின் பத்துக் கதவுகளைத் திறந்தது அந்தக் கைவேலைதான். அளவு தெரிந்த கை, யாருக்காக உழைக்கிறோம் என்று தெரிந்த மனம், இரண்டும் ஒருவனிடம் சேர்ந்துவிட்டால் அவனைப் பூட்டிவைப்பது கஷ்டம். இரண்டையும் நாம் இந்த மூன்றாண்டுகளில் கற்றுக்கொண்டு வெளியே போவோம்.