சிவப்பு காத்திருக்காது

கேள்வி: நடமாட்டக் கட்டுப்பாடு மறுபடி வந்தால், மாசமாக இருக்கும் என் மகள் கிளினிக்குப் போகலாமா?
– ஒரு வாசகி, தஞ்சோங் மாலிம்

பதில்: தாராளமாகப் போகலாம், அம்மா. 2020 மார்ச் 18-இல் கோவிட் தொற்றால் நாடே அடங்கியபோதும் மருத்துவத்துக்கு வெளியே போகத் தடை இல்லை. பிள்ளைப்பேறு ஆணைக்குக் கட்டுப்படுமா என்ன!

மகளின் தாய்மைப் பதிவேட்டில் ஒட்டியிருக்கும் வண்ணத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் மிஸ்ஸி (தாதி) கவனிப்பார், பச்சைக்கு டாக்டர், மஞ்சளுக்கு நிபுணர், சிவப்புக்கு உடனே மருத்துவமனை. வெள்ளை ஒட்டியவருக்குத் தவணை நாலு நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை. இரத்தம் கசிந்தாலோ, பார்வை மங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ தவணைக்குக் காத்திராமல் நேரே சிலிம் ரிவர் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பிள்ளை பிறந்த பிறகும் பயம் வேண்டாம்: கோவிட் தொற்று கண்ட தாயும் முகக்கவசம் அணிந்து, கை கழுவிவிட்டுப் பாலூட்டலாம் என்றே உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது.