தோட்டா வாங்குமுன்: துப்பாக்கி உரிமம் உள்ளவர்களுக்கு ஒரு வழிகாட்டி

துப்பாக்கி வாங்கும்போது பத்துப் பேரிடம் யோசனை கேட்பவர்கள், தோட்டா வாங்கும்போது கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரங்களில் இளஞ்செம்பனையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும், சுடுதளத்தில் ரைபிள் பழகும் இளையோருக்கும் இதை எழுதுகிறேன். தோட்டாவைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல்தான்: குறி தவறினால் அது எங்கே போய் நிற்கும்?

1. முதலில் உரிமம்

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். உரிமம் தருபவர் மாநிலப் போலீஸ் தலைவர். உரிமமின்றி வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். காற்றுத் துப்பாக்கியும் இதே சட்டத்துக்குள் வருகிறது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் "ரெண்டு தோட்டா கொடுங்கண்ணே, அப்புறம் தர்றேன்" என்று கைமாற்று வாங்குவது குற்றம். தாத்தாவின் இரும்புப் பெட்டியில் பழைய தோட்டா அகப்பட்டால் அதைத் தொட்டு ஆராயாமல் போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

தோட்டாவை இந்த நாடு என்றுமே சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்தருகே பிடிபட்டார். ஒரு கைத்துப்பாக்கியும் 6 தோட்டாக்களும் வைத்திருந்ததாக அவர்மீது வழக்குத் தொடுத்து, அவசரகாலச் சட்டத்தின்கீழ் 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தச் சட்டம் போய்விட்டது. கட்டுப்பாடு இன்றும் கடுமையாகத்தான் இருக்கிறது.

2. குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள்

தோட்டத்துத் துப்பாக்கி பெரும்பாலும் மடக்கித் தோட்டா போடும் 12 போர். குழலின் அடியில் '12' என்றும், தோட்டா அறையின் நீளம் '70' அல்லது '76' மில்லிமீட்டர் என்றும் பொறித்திருக்கும். 70 அறையில் 76 தோட்டா நுழைந்துவிடும். ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் முழுதாக விரிய இடமிராது. அழுத்தம் எகிறிக் குழலே பிளக்கலாம்.

20 போர் தோட்டாவைப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்வதற்குக் காரணம் உண்டு. அது 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போய்விடும். இரண்டு அளவுத் தோட்டாக்களையும் ஒரே பையில் போடாதீர்கள்.

3. குறி பழக

பயிற்சிக்கு இடம் சுடுதளம் மட்டுமே. செம்பனைக் காட்டில் தகர டின்னை வைத்துச் சுடுவது பயிற்சியல்ல. சிலாங்கூரில் இருப்பவர்களுக்குச் சுபாங்கில் தேசிய சுடுதளம் இருக்கிறது.

50 மீட்டர் ரைபிளுக்கு .22 லாங் ரைபிள் தோட்டா. போட்டித் தரத் தோட்டாவின் ஈயக் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம், வேகம் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, நொடிக்கு 330 மீட்டர் அளவில் இருக்கும். ஒலிவேகத்தைத் தாண்டிப் புறப்படும் குண்டு, வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது சற்றே தடுமாறும். அதனால் பெட்டியில் 'அதிவேகம்' என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மூன்று தயாரிப்புகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். எதன் துளைகள் நெருங்கி விழுகின்றனவோ அதுதான் உங்கள் ரைபிளுக்கு ஏற்றது. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். தயாரிப்புத் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு அதே தொகுதியில் மேலும் வாங்குங்கள்.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். 'புஸ்' என்று மெலிதாகச் சத்தம் கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

4. தோட்டத்தில்

காட்டுப்பன்றியைச் சுட, துப்பாக்கி உரிமத்தோடு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் வேட்டை உரிமமும் வேண்டும். அதன் பிறகுதான் தோட்டாவைப் பற்றிய பேச்சு.

களிமண் தட்டை இலக்குக்குச் சுடும் ஏழரை எண் ரவை 2.4 மில்லிமீட்டர். அது பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தி ஓடவிடும். எஸ்ஜி தோட்டாவில் 8.4 மில்லிமீட்டர் அளவிலான ஒன்பது ரவைகள் இருக்கும். பன்றிக்கு ஏற்றது அதுதான், ஆபத்தும் அதில்தான். ஏழரை எண் ரவை அதிகம் போனால் 200 மீட்டர் போகும். எஸ்ஜி ரவை 600 மீட்டரையும் தாண்டும். .22 குண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் வரை பறக்கும்.

நம் கடலோரத் தோட்டங்கள் சமதரை. குண்டைத் தாங்க மேடில்லை. மட்டைக் குவியலுக்குப் பின்னால் குனிந்து உதிரிப்பழம் பொறுக்குகிறவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆகவே பரண்மேல் ஏறி, ரவை மண்ணில் புதையும்படி கீழ்நோக்கியே சுடுங்கள். சலசலப்பைப் பார்த்துச் சுடாதீர்கள். முழு உருவம் தெரிய வேண்டும்.

5. வீட்டுப் பாதுகாப்புக்கு

'வீட்டில் திருடன் வந்தால் எந்தத் தோட்டா?' என்ற கேள்விக்கு என் பதில்: எதுவும் வேண்டாம். லயத்து வீடுகளில் நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பழைய லயங்களில் அதுவும் பலகை. ஆளைத் தடுக்கும் வலுவுள்ள எந்த ரவையும் பலகையைத் துளைத்துப் போகும். அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

சட்டமும் எல்லை போடுகிறது. குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்று 99ஆம் பிரிவு சொல்கிறது. ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று வாதாடுவது கடினம். தோட்டா வாங்கும் காசை நல்ல பூட்டுக்கும் வாசல் விளக்குக்கும் செலவிடுங்கள். நாய் வளருங்கள். ஆபத்து வந்தால் கதவைத் தாழிட்டுக்கொண்டு 999ஐ அழையுங்கள்.

6. வைத்திருப்பது

துப்பாக்கி ஓர் இரும்பு அலமாரியிலும் தோட்டா வேறொன்றிலும் இருக்கட்டும். சாவி உங்களிடமே இருக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் பித்தளை பச்சை பிடிக்கும், காகித உறை உப்பும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். தோட்டாவுக்கு எண்ணெய் பூசாதீர்கள். அது உள்ளே இறங்கி மருந்தைக் கெடுக்கும். பச்சை பிடித்ததைத் தேய்த்துச் சுடாமல் போலீஸிடம் ஒப்படையுங்கள். பழையதை முதலில் பயன்படுத்துங்கள்.

ஒரு நோட்டில் வாங்கியது, சுட்டது, மிச்சம் மூன்றையும் தேதி போட்டு எழுதுங்கள். கணக்கில் ஒன்று குறைந்தால் அன்றைக்கே புகார் கொடுங்கள். அது அடுத்து யார் கையில் இருக்கும் என்பதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.